கார்புரேட்டர் வேலை குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தோட்டத்துக் கிராணிமாரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் மோரிஸ் மைனர் காரில் சுங்கை சிப்புட் கடைத்தெருவுக்கு வந்த நாளிலிருந்து நம் பட்டறையை அறிந்தவர்கள் நீங்கள். அப்பா பழுதுபார்த்த அதே வண்டிகளை இன்று உங்கள் பிள்ளைகள் என்னிடம் ஓட்டிவருகிறார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன மாதத்திலிருந்து சாப்பாட்டுக் கடையிலும் கோயில் வாசலிலும் ஒரு பேச்சு உலவுகிறது. ஒருவருடைய காரில், காற்றையும் பெட்ரோலையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் இருந்த அசல் பிஸ்டனைக் கழற்றி விற்றுவிட்டு, பழைய இரும்புக் கடைச் சாமானை மாட்டிவிட்டோமாம். பிஸ்டன் மாறியது உண்மை. களவு போனது பொய்.

அது 1098 சிசி மோரிஸ். எஸ்.யு. என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் ஒன்றேகால் அங்குலக் கார்புரேட்டர். அதன் பிஸ்டனும் மேலே கவிழ்ந்திருக்கும் மூடியும் ஒன்றுக்கொன்று அளவு பார்த்துச் சேர்த்த ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் பிஸ்டன் சிக்கும். தூக்கி விட்டால் டக்கென்று விழாது. எங்களிடம் வருவதற்கு முன்பே யாரோ மூடியை மட்டும் மாற்றியிருந்தார்கள். உள்ளே உரசிய கோடுகள் அப்படியே தெரிந்தன. அந்த நிலையில் பெட்ரோல் வரும் துளையான ஜெட், பிஸ்டனோடு அதற்குள் ஏறி இறங்கும் ஊசி, எதைப் புதிதாகப் போட்டாலும் இஞ்சின் குலுங்கத்தான் செய்யும்.

ஈப்போவில் மூன்று இடங்களில் ஏறி இறங்கி, ஒரு பழைய மினி காரில் இருந்த அதே அளவுக் கார்புரேட்டரிலிருந்து ஜோடி கலையாத பிஸ்டனையும் மூடியையும் எடுத்துவந்தோம். மினியின் ஊசி மோரிஸுக்கு ஒத்துவராது என்பதால், தண்டில் ‘ஏஎன்’ என்று பொறித்த புது ஊசியைப் பொருத்தினோம். ஜெட்டின் துளை 2.3 மில்லிமீட்டர்கூட இல்லை; அதற்குள் ஊசி எங்கும் உரசாமல் நிற்பதற்கே அரை நாள் பிடித்தது. விற்றுப் பிழைக்க நினைப்பவன் இவ்வளவு பாடுபடுவானா?

இதையெல்லாம் காரின் சொந்தக்காரரிடம் தொலைபேசியில் சொன்னேன். எழுதிக் கொடுக்கவில்லை, பழைய பாகத்தையும் கையோடு திருப்பித் தரவில்லை. அது என் தவறு, மன்னியுங்கள். அந்தப் பிஸ்டன் இன்றும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம். இனி கழற்றும் ஒவ்வொரு பாகமும் பையில் போட்டு உங்கள் கையில் தரப்படும்.

எஸ்.யு. பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகத் தயாராவது நம் நல்ல காலம். ஆனால் விலையும் அஞ்சல் செலவும் பவுண்டில் போகின்றன. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கும் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி. கார்புரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டின் அச்சான ஸ்பிண்டில் நிற்கும் துளை தேய்ந்தால், அதற்குப் புஷ் என்னும் உலோக வளையம் போட்டுத் தந்த நம் லேத் தம்பியும் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அந்த வேலை இனி ஈப்போவுக்குப் போய் வரவேண்டும். ஆகவே ஆறு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். பாகம் வரவழைக்கப் பாதிப் பணம் முன்பணம். அது திருப்பித் தரப்படாது.

இந்தப் பேச்சுக்கு நடுவிலும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒன்றும் கேட்காமல் சாவியை நீட்டினீர்களே, அந்த நன்றியை எப்படிச் சொல்வேன்! அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஒரு வேண்டுகோள். வீட்டுக் கொட்டகையில் பழைய கார்புரேட்டர் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மூடியையும் பிஸ்டனையும் பிரிக்காமல் கொண்டுவாருங்கள். நல்ல விலை தருகிறேன்.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்
சுங்கை சிப்புட், பேராக்