விந்தணு கழுவுதல் ஒன்றே வழியல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவக் கேள்வி-பதிலில், கணவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள தம்பதி குழந்தை பெற விந்துத் திரவத்திலிருந்து விந்தணுவைப் பிரித்துக் கழுவி மனைவியின் கருப்பைக்குள் செலுத்துவது ஒன்றே வழி என்று எழுதியிருந்தீர்கள். 1992-ல் இத்தாலியின் மிலானில் மருத்துவர் செம்ப்ரினி குழுவினர் அம்முறையை வெளியிட்டபோது அது சரி. இன்றைய கூட்டு மருந்து அப்போது இல்லை. இப்போது அதைப் படிப்பவர்கள் அந்தச் செலவுக்கு நகையைத்தான் அடகு வைப்பார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது கணவரின் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு. எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரும் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இந்தப் பரிசோதனை இலவசம். ஒரு மி.லி. ரத்தத்தில் வைரஸ் 200-க்குக் கீழே இறங்கி, ஆறு மாதமாவது அப்படியே நின்று, எச்.ஐ.வி. மாத்திரையையும் விடாமல் போட்டு வந்தால், ஆணுறையில்லாத உறவிலும் துணைக்குத் தொற்றாது. ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள, மருந்தால் வைரஸ் அடங்கிய இணைகளிடம் நடத்தி 2016-ல் வெளியான பார்ட்னர் ஆய்வில் சுமார் 58,000 முறை அப்படி உறவு கொண்டும் துணையிடமிருந்து ஒருவருக்கும் தொற்று வரவில்லை. சிலர் சி.டி.4 நன்றாக இருக்கிறதே என்று துணிந்துவிடுகிறார்கள். அது எதிர்ப்புச் சக்தியின் கணக்கு. வைரஸின் அளவைச் சொல்லாது.

வைரஸ் இன்னும் அடங்கவில்லையா? கொஞ்சம் பொறுப்பதே நல்லது. பொறுக்க முடியாத நிலையில், தொற்றில்லாத மனைவி மருத்துவர் சொல்லி தொற்றைத் தடுக்கும் டெனோஃபோவிர்-எம்ட்ரிசிடபைன் மாத்திரையை உறவுக்கு மூன்று வாரம் முன்பே தொடங்கித் தினமும் போட வேண்டும். கடைசி உறவுக்குப் பின் நான்கு வாரம் தொடர வேண்டும். மாத்திரையைத் தொடங்கும் முன் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை-பி, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனைகள் கட்டாயம்.

நாள் கணக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு. 32 நாள் சுழற்சி என்றால் அது மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து 18-ம் நாள். 13 முதல் 18 வரை முயல வேண்டும். எல்லோருக்கும் 14-ம் நாள் என்று எண்ணினால் மாதங்கள் வீணாகும்.

மனைவிக்குத் தொற்றிருந்து கணவருக்கு இல்லையென்றால் வீட்டிலேயே எளிய வழி உண்டு. சுத்தமான அகலவாய்க் கிண்ணத்தில் விந்தைச் சேகரித்து, 15-20 நிமிடம் இளக விட்டு, ஊசி மாட்டாத 10 மி.லி. சிரிஞ்சால் மனைவியின் பிறப்புறுப்புக்குள் மெதுவாகச் செலுத்தலாம். ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். கடை ஆணுறையில் சேகரித்தால் அதிலுள்ள வழவழப்புப் பூச்சே விந்தணுவை முடக்கிவிடும்.

கருத்தரித்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. தொற்றுள்ள மனைவி டோலுடெக்ராவிர் என்ற மருந்து உள்ள எச்.ஐ.வி. மாத்திரையை வெறும் வயிற்றில் இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடு போட்டால் மருந்து உடலில் சேராது. அடங்கிய வைரஸ் மீண்டும் தலைதூக்கலாம். இரும்பு, கால்சியத்துக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ டோலுடெக்ராவிரைப் போட வேண்டும். உணவோடு என்றால் சேர்த்தே போடலாம்.

விந்தணு கழுவும் முறை வேண்டாம் என்பதில்லை. மருந்துக்கு வைரஸ் அடங்காதவர்களுக்கும் விந்தணு எண்ணிக்கை குறைந்தவர்களுக்கும் அது தேவைதான். அடுத்த இதழில் அந்தப் பதிலைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி