வலி தீராதவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பகுதியில் வந்த முதுகுவலிக் கட்டுரையைப் படித்தேன். மாத்திரை, ஊசி, அறுவை சிகிச்சை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, உரிய சிகிச்சை எடுத்தால் வலி முற்றிலும் நீங்கும் என்று முடித்திருக்கிறார்கள். அப்படி நீங்கியவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எல்லாம் செய்து பார்த்த பிறகும் வலி போகாதவர்கள் அந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதால் எழுதுகிறேன்.

மூன்று மாதங்களைத் தாண்டி நீடிப்பதை நாள்பட்ட வலி என்கிறார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் இதற்குத் தனி இடம் உண்டு. வேறொரு நோயின் அறிகுறியாக இல்லாமல் வலியே ஒரு நோயாக இருக்கலாம் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. காயம் ஆறிய பிறகும் முதுகுத்தண்டும் மூளையும் உஷார் நிலையிலேயே இருந்து, சாதாரணத் தொடுதலைக்கூட வலியாக உணரவைக்கலாம். இது தெரியாததால்தான் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றதும், "எல்லாம் மனப்பிரமை" என்று சுற்றியிருப்பவர்கள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

ஸ்கேனில் ஏதாவது தெரிந்துவிட்டாலோ பயம் வேறு சேர்ந்துகொள்கிறது. முதுகுவலியே இல்லாதவர்களிடம் எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு முதுகெலும்பு டிஸ்க்கில் தேய்மானம் இருந்தது. 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கு. ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது இந்த ஒரு தகவலையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், குனியவே பயந்து முடங்கிப்போன எத்தனையோ பேர் இன்று நடமாடிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு உண்மையில் பயன்பட்டது பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கற்றுக்கொடுத்த கணக்கு. வலி குறைவாக இருக்கும் நாளில், விட்டதையெல்லாம் பிடித்துவிடுவதுபோல் வீட்டைத் துடைத்து, அலமாரியை ஒழித்து, மலைபோல் கிடக்கும் துணிகளை இஸ்திரி போட்டு முடிப்போம். மறுநாள் படுக்கை. எழுந்ததும் மறுபடி அதே ஓட்டம், அதே படுக்கை. இப்படியே போனால், செய்ய முடிகிற வேலையின் அளவு மாதாமாதம் சுருங்கிக்கொண்டே வரும். அவர் சொன்னது இதுதான்: 20 நிமிடம் நின்றால் வலி ஏறுகிறது என்றால் 15ஆவது நிமிடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும், வலி இல்லாவிட்டாலும். நல்ல நாளிலும் அதே 15 நிமிடம்தான். அது பழகிய பிறகு, ஒன்றிரண்டு நிமிடங்களாகக் கூட்டிக்கொள்ளலாம்.

கேட்பதற்கு எளிது, செய்வதற்கு வைராக்கியம் வேண்டும். பாதி இஸ்திரி போட்ட சட்டை மேஜையில் கிடக்க, கடிகாரத்தைப் பார்த்து ஸ்விட்சை அணைத்துவிட்டு உட்காருவது இருக்கிறதே, அதைவிட வலியே பரவாயில்லை என்று தோன்றும். பார்ப்பவர்களுக்கோ அது சோம்பேறித்தனம். வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய பேருதவி, அந்தச் சட்டையைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான். "நீ நகராதே, எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் அசையாத உடம்பு மேலும் இறுகும். வீட்டில் நமக்கென்று ஒரு வேலையும் இல்லை என்றால் மனமும் சோர்ந்துவிடும். "இன்றைக்கு வலி எப்படி இருக்கிறது?" என்று காலை முதல் இரவு வரை விசாரிப்பதற்குப் பதிலாக, "இன்றைக்கு எதை நீ செய்கிறாய், எதை நான் செய்யட்டும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

வேலை செய்யும் இடத்திலும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நீண்ட கூட்டங்களில் கடைசி வரிசையில் எழுந்து நின்றுகொள்ள விட்டால் போதும். ஏன் நிற்கிறீர்கள், உட்காருங்கள் என்று மேடையிலிருந்து ஒருவர் உபசரிக்க, அத்தனை தலைகளும் திரும்ப, அதற்குப் பயந்தே வலியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவர் எழுதிக்கொடுத்ததைத் தாமாகவே திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ஆனால் வலி மாத்திரைகளை வருடக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம் என்பதையும் எழுத வேண்டாமா? காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்கு சாதாரண வலி மாத்திரைகளையோ மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஓபியாய்டு மருந்துகளையோ புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று, சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, மனநல ஆலோசனை போன்றவற்றையும், சிலருக்கு மனச்சோர்வு மருந்துகளையும் அது பரிந்துரைக்கிறது. ஆலோசனைக்குப் போகச் சொன்னால் பைத்தியம் என்கிறார்களோ என்று நம்மில் பலர் கோபித்துக்கொள்கிறோம். வலி நிஜம்தான், தூக்கம் கெட்டு, பயம் கூடும்போது அது ஏறுவதும் நிஜம்தான்.

இன்னொன்றையும் கட்டுரையில் கட்டம் கட்டிப் போட்டிருக்கலாம். முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாட்டை மீறிப் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் திடீரென்று பலமிழந்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நான் சொன்ன நிதானமெல்லாம் அந்த நேரத்துக்குப் பொருந்தாது.

அடுத்த முறை வலி பற்றி எழுதும்போது அறுவை சிகிச்சை நிபுணரோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒரு பிசியோதெரபிஸ்ட்டையும் ஒரு மனநல ஆலோசகரையும் பல வருடமாக வலியோடு வேலைக்குப் போய்வரும் ஒருவரையும் பேசவையுங்கள். கட்டுரை பெரிதாகிவிடும் என்றால் இரண்டு இதழ்களாகப் பிரித்துப் போடுங்கள். எங்களுக்கு அவசரமில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி