மைனஸ் 18 எப்படி 238 ஆனது? நிரலகப் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். வெப்பநிலை உணரியைப் படிக்கும் உங்கள் நிரலகத்தைப் (லைப்ரரியைப்) பற்றி நான் பதிந்த வழுவை, ‘எங்கள் கணினியில் சரியாகத்தான் ஓடுகிறது’ என்ற ஒற்றை வரியோடு மூன்றாம் முறையாக மூடியிருக்கிறீர்கள். பழைய வாதங்களைத் திரும்ப எழுதப் போவதில்லை. இங்கே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மீன் குளிர்கிடங்கு ஒன்றின் கண்காணிப்புக் கருவியை நான் பார்த்துக்கொள்கிறேன். பழைய இன்டெல் பெட்டி பழுதானதால் லினக்ஸ் ஓடும், ஆர்ம் வகைச் செயலி கொண்ட போர்டு ஒன்றைப் பொருத்தி, ஒரு வரியும் மாற்றாமல் அதே நிரலைக் கம்பைல் செய்தேன். அன்றிரவு, மைனஸ் 18 டிகிரியில் இருந்த அறைக்குத் திரை 238 என்று காட்டியது. உணரி அனுப்பும் ஒரு பைட்டை நீங்கள் வெறும் ‘சார்’ வகை மாறியில் வாங்குகிறீர்கள். அதற்கு எதிர்க்குறி உண்டா இல்லையா என்பதை சி மொழி, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. இன்டெல் வகையான எக்ஸ்86 லினக்ஸில் உண்டு, ஆர்ம் லினக்ஸில் இல்லை. எதிர்க்குறி இல்லையென்றால் மைனஸ் 18-ஐக் குறிக்கும் அதே பைட், 256-இல் 18 போக 238 என்று படிக்கப்படும். மைனஸ் 10-ஐத் தாண்டினால் ஒலிக்க வேண்டிய மணி விடிய விடிய ஒலித்தது. காவலாளி, பாவம், கம்பியைப் பிடுங்கிவிட்டார். நான் காரணம் தேடிக்கொண்டிருந்த மூன்றாம் நாள் இரவு கம்ப்ரசர் உண்மையாகவே நின்றது. பதிவில் 238, 241, 247, 252 என்று ஏறி, பிறகு 3 என்றிருக்கிறது. திரை முதன்முறையாக உண்மை சொன்னபோது மீன் உருகித் தண்ணீர் விட்டிருந்தது. மாற்றிய அன்றே நான் சோதித்திருக்க வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை.

‘ஆர்மிலும் சோதித்தோம்’ என்றீர்கள், ஆப்பிள் மடிக்கணினியில். அங்கே ‘சார்’ எதிர்க்குறி ஏற்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? கம்பைலருக்கு ஒரு ஃபிளாக் கொடுத்தால் தீரும் என்றும் சொன்னீர்கள். அதை மறக்காமல் கொடுக்கும் வேலை ஒவ்வொரு பயனர் தலையிலும் விழுகிறதே. ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: எதிர்க்குறியுள்ள ஒரு பைட் வேண்டிய இடத்தில் ‘இன்ட்8_டி’ என்றே எழுதுங்கள்.

பதிவுக் கோப்பிலும் இதே அலட்சியம். நேரத்தை ‘லாங்’ என்ற எண் வகையில் எழுதுகிறீர்கள். அது 64 பிட் லினக்ஸில் 8 பைட், 32 பிட் லினக்ஸிலும் விண்டோஸிலும் 4 பைட். ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க முடிவதில்லை. அளவைப் பெயரிலேயே சொல்லும் வகைகள் சி99 தரத்திலேயே வந்துவிட்டன. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவற்றை வாசலில் நிறுத்தி வைத்திருக்கும் நீங்கள், லோகோவை மட்டும் இரண்டு முறை மாற்றிவிட்டீர்கள். மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு விலகுகிறேன்.

‘சார்’ இருக்குமிடத்தில் ‘இன்ட்8_டி’, ‘லாங்’ இருக்குமிடத்தில் ‘இன்ட்64_டி’: பதினான்கு வரித் திருத்தம் உங்கள் பார்வைக்காக ஏற்கெனவே காத்திருக்கிறது. அருள்கூர்ந்து அதைச் சேர்த்து, அடுத்த வெளியீட்டுக்கு முன் ஒரு லினக்ஸ் ஆர்ம் போர்டில் ஓட்டிப் பாருங்கள். இயலாதென்றால், முகப்பில் உள்ள ‘எல்லாச் செயலிகளிலும் இயங்கும்’ என்ற வரியையாவது நீக்கிவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நிரலகத்தை இன்னும் பயன்படுத்தும் ஒருவன்