பேட்டரி தீரும் முன்பே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மெல்லிசைக் குழுக்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, உற்பத்தி நின்றுபோன சிந்தசைசர்களுக்கு (மின்னணு முறையில் ஒலிகளை உருவாக்கும் கீபோர்டுகளுக்கு) உதிரிபாகம் கிடைக்காததால் அவை இனிக் காட்சிப் பொருள்கள்தாம் என்று முடிந்திருந்தது. 1983இல் வெளிவந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் ஒன்றை மேலூர்ப் பக்கத்துக் கோயில் திருவிழாக் கச்சேரிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாசித்தவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை. அக்கருவிக்கென்றே யமஹா தயாரித்த ஐசி (சிப்) எரிந்துபோனால் இன்னொரு பழைய கருவியிலிருந்து கழற்றித்தான் போட வேண்டும் என்பது உண்மை; ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலான கருவிகளை முடக்கியது வாட்ச் கடையிலும் கிடைக்கும் ஒரு வட்டப் பேட்டரிதான்.

நாம் உருவாக்கிச் சேமிக்கும் 32 ஒலிகளும் அந்த 3 வோல்ட் பேட்டரியின் தயவில்தான் நினைவகத்தில் நிற்கின்றன. நாயனத்துக்கு நெருக்கமான ஓர் ஒலியை இரண்டு வாரம் உட்கார்ந்து அமைத்து வைத்திருந்தேன். மதுரையில் ஒரு கடையில் வேறொரு பழுதுக்காகக் கொடுத்தபோது, அவர்கள் நல்ல எண்ணத்தில் என்னைக் கேட்காமலே பேட்டரியையும் மாற்றிவிட்டார்கள். அன்றிரவு மேடையில் ஏறிப் பார்த்தால், ஒலியின் பெயர் இருக்க வேண்டிய திரையில் பொருளற்ற எழுத்துகள். முன்பே நகல் எடுத்து வைக்காத என்மீதும் தவறு உண்டு. ஒலிகள் மொத்தமும் 4,104 பைட்தான். இசைக்கருவியைக் கணினியோடு இணைக்கும் மிடி வயர் வழியாகக் கணினிக்கு அனுப்பச் சில நொடிகள் போதும்.

பேட்டரியின் நிலையைக் காட்ட அக்கருவியின் முகப்பிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. முதலில் நகல் எடுத்துவிட்டு, போர்டில் நேரடியாகச் சால்டர் செய்யப்பட்டிருக்கும் பழைய பேட்டரியை நீக்கி, அந்த இடத்தில் ஒரு ஹோல்டரைப் பொருத்திவிட்டால், அடுத்த முறை பற்றவைக்கும் வேலையே இல்லை. கோர்க் பாலிசிக்ஸ் என்ற இன்னொரு பழைய சிந்தசைசரை வைத்திருப்போர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதிலுள்ள நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து, போர்டின் செப்புத் தடங்களையே அரித்துவிடும். துணி சுற்றிப் பரணில் ஏற்றிவைத்தால் கருவி பத்திரமாக இருக்கும் என்று நம்புவது அதனால்தான் ஆபத்து.

ஜப்பான் சந்தைக்கென 100 வோல்ட்டில் செய்யப்பட்ட கருவியை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகிப் புகையவிட்ட கதைகளும் உண்டு; அதற்கு டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்கினால் தீர்ந்தது. சில கட்டைகள் ஒலிக்காவிட்டாலும் பெரும்பாலும் அழுக்கேறிய தொடுமுனைகளே காரணம். திருவிழாப் பொட்டல் புழுதிக்குச் சொல்லவா வேண்டும்.

கட்டுரையாளர் மதுரை வந்தால் என் கருவியை வாசித்தே காட்டுகிறேன். அதன் அடிப்பக்கத்தில், கடைசியாகப் பேட்டரி மாற்றிய தேதியை ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்; அதையும் அவர் பார்க்கலாம்.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழுக் கீபோர்டு கலைஞர் ஒருவர்,
மேலூர், மதுரை மாவட்டம்.