ஏர் போட்ட படிகள்

அன்புள்ள கண்ணுக்கு,

தென் இங்கிலாந்தில், டார்செட் கடலோரத்து வொர்த் மாட்ராவர்ஸ் ஊரிலிருந்து நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வின்ஸ்பிட் போகும் பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும், ஈஸ்ட் மேன், வெஸ்ட் மேன் என்ற இரண்டு குன்றுகளின் சரிவில் பச்சைப் புல் போர்த்திய படிகள். "டீத்தோட்டமா அப்பா?" என்று கேட்டிருந்தாய். இல்லை. அது உழவின் தடம். மாட்டைக் கட்டி, ஒரே சரிவைக் குறுக்குவாட்டில், தலைமுறை தலைமுறையாக உழுததால் விழுந்த படிகள்.

இவற்றுக்கு லிஞ்செட் என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் ஹ்லிங்க் என்றால் மேடு, கரை. கடலோரக் கோல்ஃப் மைதானத்தை லிங்க்ஸ் என்கிறார்களே, அதுவும் இந்த வேர்தான். நீளமாக, பட்டை பட்டையாகக் கிடப்பதை ஸ்ட்ரிப் லிஞ்செட் என்பார்கள். டார்செட்டிலும் வில்ட்ஷயரிலும் சுண்ணாம்புக் குன்றுகளில் நிறைய உண்டு. யார்க்ஷயர் டேல்ஸில் மால்ஹம், கிராசிங்டன் பக்கமும் பார்க்கலாம்.

படி எப்படி விழுந்தது என்று புரிய வேண்டுமானால், முதலில் அந்த ஊர்க் கலப்பையைப் புரிந்துகொள். நம்ம நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறும், அவ்வளவுதான். மண் இரண்டு பக்கமும் கொஞ்சம் விலகிக் கொடுக்கும். அங்கே இருந்தது இறக்கைக் கலப்பை. முன்னால் செங்குத்தாக ஒரு கத்தி புல்வேரை அறுக்கும். பின்னால் கொழு மண்ணை அடியில் வெட்டும். அதற்குப் பின்னால் ஒரு பலகை வெட்டின மண்ணைப் புரட்டி வலது பக்கம் தள்ளும். எப்போதும் வலது பக்கம்தான், பலகை மாற்றிப் போடும் வகைக் கலப்பை இல்லாவிட்டால்.

இதைச் சரிவில் குறுக்காக ஓட்டிப் பார். பள்ளத்தாக்கு வலது கைப்பக்கம் இருக்கும்போது மண் கீழே போகும். திரும்பி வரும்போது பலகை மண்ணை மேலே தள்ளப் பார்க்கும். செங்குத்தான இடத்தில் அது பாதி உருண்டு திரும்பக் கீழேதான் வரும். ஆக, எந்தப் பக்கம் ஓட்டினாலும் மிச்சக் கணக்கு கீழ்நோக்கித்தான். போதாததற்கு, உழுத மண்ணை மழை வேறு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும். ஒருவர் துண்டுக்கும் அடுத்தவர் துண்டுக்கும் நடுவே உழாமல் விட்ட புல்வரப்பு இருக்குமே, இறங்கி வரும் மண் அதில் தட்டி நிற்கும். வரப்பின் மேல்பக்கம் மண் ஏறும். கீழ்பக்கம், அடுத்த துண்டின் மேல் ஓரம், கலப்பை தின்று தின்று குழியும். ஏறின மேடும் குழிந்த பள்ளமும் சேர்ந்தால் ஒரு ஆள் உயரத்துக்கும் மேலே படி வந்துவிடும். சில இடத்தில் மண்வெட்டியால் வெட்டியும் சேர்த்திருப்பார்கள். எவ்வளவு வெட்டியது, எவ்வளவு உழவில் தானாக விழுந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் பழைய சண்டை உண்டு. ஒவ்வொரு குன்றையும் தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது. ஒரே பதில் எல்லா ஊருக்கும் பொருந்தாது.

நம்ம மலைகளில் கல் வைத்துக் கட்டும் படிவயலோடு இதைக் குழப்பிக்கொள்ளாதே. லிஞ்செட்டில் தண்ணீர் தேக்கும் நோக்கமே இல்லை. கோதுமை, பார்லி, ஓட்ஸ், பட்டாணி எல்லாம் மானாவாரி. அதனால் படியின் தளம் சமமட்டமாக இருக்காது, லேசாகக் கீழே சாய்ந்தே இருக்கும். கல்சுவரும் பெரும்பாலும் கிடையாது.

இப்போது நீளத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். கனமான மண்ணுக்கு எட்டு மாடு வரை, இரண்டிரண்டாகப் பூட்டுவார்கள். அவ்வளவு நீளமான ஏரைத் திருப்புவது பெரிய பாடு. அதனால் நிலத்தைச் சதுரமாக வைக்காமல் நீளமாக வைத்தார்கள். மாடு நின்று மூச்சு வாங்கும் வரை ஒரு சால். அந்தச் சாலின் நீளம்தான் ஃபர்லாங்: ஃபர்ரோ என்றால் சால், லாங் என்றால் நீளம். 220 கெஜம், அதாவது 660 அடி. ஒரு நாள் உழவுக்கு 66 அடி அகலம். 66 பெருக்கல் 660 என்றால் 43,560 சதுர அடி. ஆமாம் கண்ணு, நம்ம பத்திரத்தில் இருக்கும் ஏக்கரேதான். அந்த நீளத்துண்டின் குறுக்கே 6.6 அடி வெட்டி எடுத்தால் 435.6 சதுர அடி. அது ஒரு சென்ட். 1620-இல் எட்மண்ட் கன்டர் என்ற கணிதக்காரர் அந்த 66 அடியையே சங்கிலியாக்கி 100 கண்ணி வைத்தார். "ரெண்டு பர்லாங்கு தள்ளி" என்று உன் பாட்டி வழி சொல்லும்போது, ஏதோ ஒரு ஆங்கிலேய மாட்டின் மூச்சை அளந்துதான் சொல்கிறார்.

ஒரு சால் 9 அங்குல அகலம் என்று வைத்தால் ஏக்கருக்கு 88 சால். 88 ஃபர்லாங் என்றால் 11 மைல். திரும்புகிற நடை தனி. செங்குத்துச் சரிவில் முழு ஏக்கர் கிடைக்காது, மாடும் எட்டு பூட்ட முடியாது. ஆகவே வொர்த் மாட்ராவர்ஸில் அளந்து 660 அடி வரவில்லையே என்று தேடாதே. குன்று எவ்வளவு இடம் விட்டதோ அவ்வளவுதான் சால்.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் சரிவை உழுதார்கள்? 1300-ஐ ஒட்டி இங்கிலாந்தில் மக்கள்தொகை உச்சத்தில் இருந்தது. சமவெளி போதவில்லை. விதைத்ததைப் போல மூன்று நான்கு மடங்குதான் விளைச்சல். அதிலும் ஒரு பங்கு விதைக்கு. 1315 முதல் 1317 வரை விடாத மழையில் பெரும் பஞ்சம். பிறகு 1348-இல் கொள்ளைநோய், மெல்கம் ரீஜிஸ் துறைமுகம் வழியாக உள்ளே வந்தது. இன்றைய வேமத் அது, நீ நின்ற இடத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆள் குறைந்ததும் முதலில் கைவிட்டது இந்தக் கடினமான நிலங்களைத்தான். ஆடு மேய விட்டார்கள், புல் மூடியது, புல் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டது. சமவெளியில் இருந்த தடங்களைப் பின்னால் வந்த டிராக்டர் அழித்துவிட்டது; இந்தச் சரிவில் ஏறப் பயந்தது. படிகள் பிழைத்ததற்குக் காரணம் அவ்வளவுதான். ஆனால் எல்லா லிஞ்செட்டும் இந்தக் காலத்தவை என்று எடுத்துக்கொள்ளாதே. சின்னச் சின்னச் சதுரமாக, கட்டம் போட்டது போலக் கிடந்தால் அது ரோமருக்கும் முந்தைய வயலாக இருக்கலாம்.

அடுத்த முறை போகும்போது டிசம்பர், ஜனவரியில் போ. உன் படம் மதிய வெயிலில் எடுத்தது, பாதிப் படி தட்டையாகத் தெரிகிறது. டிசம்பர் கடைசியில் அங்கே நண்பகலிலேயே சூரியன் 16 பாகைக்கு மேல் ஏறாது. காலை ஒன்பது, மாலை மூன்று மணிக்கு நிழல் தானாகப் படியை வரைந்து காட்டும். லேசான உறைபனி இருந்தால் இன்னும் நல்லது: வெயில் பட்ட பக்கம் உருகி, நிழல் பக்கம் வெள்ளையாக நிற்கும். படிக்கு நேர் எதிரே நிற்காமல், எதிர்க் குன்றில் ஏறிச் சாய்வாகப் பார்.

ஆட்டுத்தடத்தைப் படி என்று எண்ணி ஏமாறுவது சகஜம். ஆட்டுத்தடம் ஒன்றரை, இரண்டு அடி அகலம்தான். வலை மாதிரி ஒன்றோடொன்று சேரும், பிரியும். லிஞ்செட் ஏர் திரும்பும் அளவுக்கு அகலம், ஒன்றுக்கொன்று இணையாக ஓடும், முனையில் அடுத்த படிக்கு ஏறச் சாய்வுப் பாதை இருக்கும். யார்க்ஷயரில் இன்னொரு வில்லங்கம்: சுண்ணாம்புப் பாறை அடுக்கே படியாக நிற்கும். பாறை நீட்டிக்கொண்டு தெரிந்தால் சந்தேகப்படு.

வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமானால், இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை விமானத்திலிருந்து எடுத்த லைடார் (லேசர் ஒளியால் தரையின் உயரத்தை அளக்கும் முறை) தரவை இலவசமாகத் தருகிறது, 1 மீட்டர் துல்லியம். மரமும் வீடும் நீக்கிய தரை மாதிரியை எடு. க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்து, மேடுபள்ளத்துக்கு நிழல் விழுவது போலக் காட்டும் நிழல்படம் போடு. இயல்பாக வடமேற்கு வெளிச்சம், 45 பாகை உயரம் என்று வைத்திருக்கும். 20 பாகைக்கு இறக்கு. வெளிச்சத் திசையை இரண்டு மூன்று முறை மாற்று, ஏனென்றால் வெளிச்சம் போகும் திசையிலேயே ஓடும் படி மறைந்துபோகும். தெற்கு வெளிச்சம் போட்டால் சில கண்ணுக்குப் பள்ளம் மேடாகத் தெரியும், பயந்துவிடாதே. செங்குத்துச் சரிவில் நிழல்படத்தைவிட, எங்கே எவ்வளவு சரிவு என்று காட்டும் சாய்வுப்படம் நல்லது, படியின் முகப்பு கோடு கோடாகப் பளிச்சென்று வரும்.

கையில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அந்த நாட்டு நில அளவைத் துறையின் ஓ.எல். 15 எண் வரைபடம் வைத்துக்கொள். பழைய சின்னங்களின் பெயரைக் கோதிக் எழுத்தில் போட்டிருப்பார்கள். உயரம் அளக்க 2 மீட்டர் கம்பு, கயிறு, கயிற்றில் மாட்டும் சின்ன ரசமட்டம் போதும். கம்பைப் படியின் அடியில் செங்குத்தாக நிறுத்து, மேல் விளிம்பிலிருந்து கயிற்றை மட்டமாக இழு, அது கம்பில் தொடும் உயரத்தைக் குறித்துக்கொள். படி கம்பைவிட உயரமென்றால் நடுவில் நிறுத்தி இரண்டு தவணையாக அள. டேப்பைச் சரிவோடு சாய்த்துப் பிடித்து அளந்தால் எண் கூடிப்போகும். பெரும்பாலோர் செய்யும் தப்பு அது. ஒரே இடத்தில் அளக்காதே, ஒரு படிக்கு மூன்று இடமாவது வேண்டும். முனைகளில் உயரம் குறைந்துவிடும்.

முளைக்குச்சி எதுவும் அடிக்காதே. பல லிஞ்செட்டுகள் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. பழஞ்சின்னங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். பாதுகாத்த இடத்தில் அனுமதியின்றி உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவது 1979 சட்டப்படி குற்றம், உன் சிநேகிதனிடம் சொல்லிவை. பாதையை விட்டு இறங்க வேண்டுமானால் நிலக்காரரைக் கேள். மழைக்காலத்தில் படியின் முகப்பில் நேராக ஏறாதே; மாட்டுக் குளம்பும் முயல் வளையும் ஏற்கெனவே அதைச் சரித்துக்கொண்டிருக்கின்றன, நம் பூட்ஸ் வேறு வேண்டாம். வெயில் காலத்தில் புல்லில் நடந்தால் பேண்ட்டை சாக்ஸுக்குள் விட்டுக்கொள், உண்ணி ஏறும். வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால் பார்.

அளந்த எண்களை அனுப்பு. எந்தப் படி, மேலிருந்து எத்தனையாவது என்று மறக்காமல் குறி.

அன்புடன்,
அப்பா