காய்ச்சல்காரரின் கால்களையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் டெல்டா மாவட்டங்களில் ‘மர்மக் காய்ச்சல்’ என்று ஒரு செய்தி எப்படியும் வந்துவிடும். உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்திலும் சென்ற வாரம் வந்திருந்தது. எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள், மேல்நிலைத் தொட்டியைக் கழுவினார்களா, கொசுப் புகை அடித்தார்களா, முகாம் எங்கே போட்டார்கள், எல்லாம் இருந்தது. படுத்திருப்பவர்கள் என்ன வேலைக்குப் போகிறவர்கள், கடைசியாக எப்போது வயலில் இறங்கினார்கள் என்பது மட்டும் இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் படித்தவர்களில் யாராவது ஒருவருக்காவது எலிக்காய்ச்சல் ஞாபகம் வந்திருக்கும்.

நான் நீடாமங்கலம் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கர்ப்பிணிகள், குழந்தைகள், தடுப்பூசி, இதுதான் என் வேலை. ஆனால் வீடு வீடாகப் போகிறவளிடம் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் சொல்லத்தான் செய்வார்கள். நடவும் களையெடுப்பும் நடக்கும் மாதங்களில் வரும் காய்ச்சல்களில் ஒரு பங்கு எலிக்காய்ச்சலாக இருக்கும் என்பதும், அதை யாரும் முதலில் நினைப்பதே இல்லை என்பதும் நான் பக்கத்தில் இருந்து பார்த்தது.

நடவு ஆட்களின் கால்களை யாராவது கிட்டே உட்கார்ந்து பார்த்ததுண்டா? காலையில் சேற்றில் இறங்கினால் மதியம் வரை கால் காய்வதே இல்லை. நாலைந்து நாள் இப்படி ஊறினால் விரல் இடுக்கில் தோல் வெளுத்துச் சுருங்கி, லேசாக இழுத்தாலே பிரிந்து வரும், அடியில் செக்கச்செவேலென்று சதை தெரியும். பாதத்தில் நத்தை ஓடு கிழித்த கோடு இருக்கும், குறுவை அறுத்தபின் நிற்கும் அரிதாள் கட்டை குத்திய பொத்தல் இருக்கும். சேற்றுப்புண் என்று சொல்லி ராத்திரி மருதாணி அரைத்து வைப்பார்கள், இல்லையென்றால் மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துத் தடவிவிட்டு, விடிந்ததும் அதே காலோடு அடுத்த ஊர் வயலுக்கு வண்டி ஏறிவிடுவார்கள். ஏன் பெரியம்மா, ரெண்டு நாள் காலைக் காய விடக்கூடாதா என்று கேட்டால், ‘நடவுன்னா சேத்துப்புண்ணு வராமலா இருக்கும், நீ வேற’ என்பார்கள். கூலி போகுமே என்ற கவலை அவர்களுக்கு.

இந்தப் புண்ணில்தான் விஷயமே இருக்கிறது. வரப்பு எலியின் சிறுநீரகத்தில் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா குடியிருக்கும். எலிக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை, அது பாட்டுக்கு நெல்லைத் தின்றுகொண்டு சிறுநீரில் கிருமியைக் கழித்துக்கொண்டே இருக்கும். வரப்பெல்லாம் வளை. மழை பெய்து தண்ணீர் ஏறும்போது அத்தனையும் வயலுக்குள் கரைந்து வரும். வெயிலில் காய்ந்தால் சீக்கிரம் செத்துப்போகிற கிருமிதான், ஆனால் ஈர மண்ணிலும் தேங்கிய நல்ல தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நம் சம்பா வயலைவிட அதற்கு வசதியான இடம் வேறு எது? எலி மட்டுமும் இல்லை. மாடு, பன்றி, நாய் இவற்றின் சிறுநீரிலும் இது வரும், அதனால் கொட்டகை கழுவுகிறவர்களுக்கும் வாய்க்கால் தூர்வாரும் நூறு நாள் வேலைக்காரர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

கிருமி மெல்லிய சுருள் வடிவம். தக்கையில் திருகாணி இறங்குவதுபோல் சுழன்று சுழன்று போகும். முழுசாக இருக்கும் தோல் ஓரளவு தடுத்துவிடும். ஊறிப் பிளந்த தோல் தடுக்காது. சேறு தெறித்த கையால் கண்ணைத் தேய்த்தால் கண் வழியாகவும் உள்ளே போகும். போன இடத்தில் பெரும்பாலும் சீழோ வீக்கமோ இருக்காது, அதனால் புண்ணைப் பார்த்தும் யாருக்கும் சந்தேகம் வராது. நேராக ரத்தத்துக்குப் போய்விடும். இதைப்போல வெளியுறை உள்ள பல பாக்டீரியாக்களை நம் உடம்பு அவற்றின் வெளியுறையில் உள்ள ஒரு பொருளை வைத்துச் சட்டென்று கண்டுபிடித்து எதிர்க்கக் கிளம்பிவிடும். லெப்டோஸ்பைராவின் உறையில் அந்தப் பொருள் கொஞ்சம் வேறு மாதிரி அமைந்திருப்பதால் மனித உடம்புக்கு அது உடனே பிடிபடுவதில்லை. அந்த இடைவெளியில் ரத்தத்தில் பெருகி ஈரல், சிறுநீரகம், நுரையீரல், மூளையைச் சுற்றியுள்ள சவ்வு வரைக்கும் போய்விடுகிறது.

இதில் நாம் எல்லாரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. கிருமி புகுந்த அன்றைக்கே காய்ச்சல் வராது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வரும், சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகும். அதற்குள் நடவு முடிந்திருக்கும், ஆள் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். காய்ச்சல் வந்ததும் நேற்று நனைந்த மழையும் முந்தாநாள் சாப்பிட்ட பரோட்டாவும்தான் ஞாபகம் வருமே தவிர, பத்து நாளுக்கு முன்னால் நின்ற சேறு வராது. ஆளுக்கு ஆள் தொற்றுவதும் மிக மிக அபூர்வம் என்பதால் வீட்டில் அடுத்தவருக்கு வராது. ஒரே வயலில் இறங்கிய பத்துப் பேர் பத்து ஊர்களில் தனித்தனியாகப் படுத்திருப்பார்கள். யார் சேர்த்துப் பார்ப்பது?

வந்தவுடன் குளிர்க் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. இது எந்தக் காய்ச்சலுக்கும் பொருந்தும்தான். ஆனால் இதில் கெண்டைக்கால் சதை தொட்டாலே அலறுகிற அளவுக்கு வலிக்கும், கண் சிவந்திருக்கும், பீளை மட்டும் இருக்காது. இந்த ரெண்டும் சேர்ந்து வயல் வேலைக்காரருக்கு இருந்தால் அதற்குமேல் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் தணிந்துவிடும். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் முற்றுகிறது. முற்றினால் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவர் கெட்டு ரத்தம் கசிய ஆரம்பிக்கும், சிறுநீர் குறையும், கண்ணும் உடம்பும் மஞ்சளாகும், நுரையீரலில் கசிந்தால் இருமலில் ரத்தம் வரும். நுரையீரல் வரைக்கும் போய்விட்டால் காப்பாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

மஞ்சள் என்றதும் எனக்கு ஒருவர் நினைவுக்கு வருகிறார். நல்ல உழைப்பாளி, வாட்டசாட்டமான ஆள். காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டார், பிறகு ஒரு தனியார் கிளினிக்கில் வைரல் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். கண் மஞ்சளானதும் வீட்டில் காமாலை என்று முடிவு கட்டி, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்து, உப்பில்லாமல் எண்ணெய் இல்லாமல் பத்தியம் வைத்துவிட்டார்கள். அவர் மனைவி என்னிடம் சொன்னபோது, சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்டேன். நேற்று காலையில் கொஞ்சம் போனது, அதோடு சரி என்றாள். அன்றே தஞ்சாவூருக்குக் கொண்டுபோய், டயாலிசிஸ் செய்து பிழைத்தார். வழக்கமான காமாலையில் ஈரலின் செல்கள் பெருமளவில் அழிந்து மஞ்சள் வரும். எலிக்காய்ச்சலில் ஈரல் அந்த அளவுக்கு அழிவதில்லை, மஞ்சள் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் ஆளைக் கொல்வது பெரும்பாலும் சிறுநீரகமும் நுரையீரலும்தான். சிறுநீரகத்தைச் சில நாள் தாங்கிப் பிடித்துவிட்டால் பெரும்பாலும் பழையபடி வேலை செய்ய ஆரம்பித்துவிடும். பத்தியம் இருந்து வீணாகும் நாட்கள்தான் உயிரை எடுக்கின்றன.

ரத்தப் பரிசோதனையிலும் குழப்பம் உண்டு. தட்டணுக்கள் இதிலும் குறையும், உடனே டெங்கு என்று எல்லாரும் பதறுவார்கள். டைபாய்டுக்கு எடுக்கிற வைடால் சோதனை பலருக்குச் சும்மாவே பாசிட்டிவ் காட்டும், ‘டைபாய்டு காய்ச்சல்’ என்று சீட்டு எழுதி அதோடு முடிந்துவிடும். எலிக்காய்ச்சலுக்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரியவே ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். முதல் மூன்று நாளில் எடுத்த சோதனை நெகட்டிவ் என்பதால் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் சோதனைக்கும் முன்னால் வாயால் கேட்கிற கேள்வி முக்கியம். என்ன வேலை? எப்போது சேற்றில் இறங்கினீர்கள்? காலில் புண் இருக்கிறதா? இதைக் கேட்க ஒரு நிமிடம் போதும், காசும் செலவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை, புது வியாதியும் இல்லை. 1886-லேயே ஜெர்மனியில் அடால்ஃப் வெய்ல் இதன் முற்றிய நிலையை விவரித்தார், 1915-ல் ஜப்பானில் இனாடாவும் இடோவும் கிருமியைக் கண்டுபிடித்தார்கள், அங்கே அது ஈரச் சுரங்கத்தில் நின்று நிலக்கரி வெட்டியவர்களைத் தாக்கியது. நெல் விளைகிற தாய்லாந்தில் 2000-ஆம் ஆண்டில் மட்டும் 14 ஆயிரம் பேருக்கு மேல் வந்தது. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேருக்கு வருகிறது, ஏறத்தாழ 59 ஆயிரம் பேர் சாகிறார்கள் என்று 2015-ல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. ஈரத்தில் நின்று உழைக்கிறவர்களின் வியாதி இது. அதனாலேயே பேசப்படாமல் போகிறதோ என்று எனக்கு வருத்தம் உண்டு.

இத்தனைக்கும் மருந்து அரிதானதோ விலை கூடியதோ இல்லை. ஆரம்பத்தில் டாக்சிசைக்ளின், முற்றியவர்களுக்குப் பென்சிலின் அல்லது செப்ட்ரியாக்சோன் ஊசி. கேரளத்தில் சேற்று வேலை செய்கிறவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளினை முன்கூட்டியே கொடுக்கிறார்கள், 2018 வெள்ளத்தின்போது பெரிய அளவில் கொடுத்தார்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் இது ஆகாது, அதனால் கடையில் தானாக வாங்கிப் போடாமல் மருத்துவர் சொல்லித்தான் போட வேண்டும். ஆனால் நம் ஆரம்ப சுகாதார நிலையங்கள் நடவுக் காலத்தில் இதை யோசிக்கலாமே, யாரும் ஏன் பேசுவதில்லை?

கம் பூட்ஸ் போடச் சொல்லுங்கள் என்று அதிகாரிகள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். முழங்கால் சேற்றில் பூட்ஸோடு ஒரு அடி எடுத்து வைத்துப் பார்க்கட்டும், கால் வரும், பூட்ஸ் வராது. வாய்க்கால் வேலைக்கும் கொட்டகை வேலைக்கும் அது சரி. நடவுக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும். கரையேறியதும் போர் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்துக் காய வைப்பது முக்கியம். மோட்டார் கொட்டகையில் ஒரு சோப்பும் துண்டும் வைப்பது வயல்காரருக்குப் பெரிய செலவா? சேற்றுப்புண் வாய் திறந்திருக்கும் ஆளை அன்றைக்கு நாற்றுப் பறிக்க விடாமல் கரையில் நாற்று முடி கட்டி எடுத்து வைக்கச் சொல்லலாம், கூலியைக் குறைக்காமல். வரப்பை மெலிதாக வெட்டி வைத்தால் எலி வளை குறையும், தஞ்சாவூர் கிட்டி என்ற மூங்கில் எலிப்பொறியை இன்னும் பல ஊர்களில் கட்டுகிறார்கள், அதை விட்டுவிட வேண்டாம். செத்த எலியை வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்கி வாய்க்காலில் வீசுகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், குழி தோண்டிப் புதையுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மேட்டூர் நீர்மட்டம், உர இருப்பு, பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் எல்லாம் தவறாமல் போடுகிறீர்கள், எங்கள் பக்கத்தில் டீக்கடையில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் உரக்கப் படிப்பார்கள். அதே பக்கத்தில் கட்டம் கட்டி இதையும் போடுங்கள்: வயலில் இறங்கி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ‘நான் சேற்றில் வேலை செய்தேன்’ என்று முதலில் சொல்ல வேண்டும். சிறுநீர் குறைந்தால் ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது. தாளடி நடவு இன்னும் பாதிக்கு மேல் பாக்கி இருக்கிறது, இந்த வாரமே போட்டால் உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
நீடாமங்கலம் வட்டம்.