டெரியர் வாங்கப் போகும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

நாய் வாங்குவது என்று முடிவாகிவிட்டதாக மருமகள் சொன்னாள். ரொம்ப சந்தோஷம். பாப்பா நாயோடு வளர இது நல்ல வயது. நீ அனுப்பிய படங்களையும் பார்த்தேன். யார்க்‌ஷயர் டெரியர், ஜாக் ரஸ்ஸல், வெஸ்டி (வெஸ்ட் ஹைலேண்ட் ஒயிட் டெரியர்) என்று எல்லாமே டெரியர் வகை நாய்களாக இருக்கின்றன. "சின்ன வீடும்மா, அதனால் சின்ன நாய்" என்று கீழே எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் பாதி காதில் விழாது.

டெரியர் சின்னதாக இருப்பதற்குக் காரணம் நரி மண்ணுக்குள் தோண்டி வாழும் வளை. நம் பக்கத்துச் சிப்பிப்பாறை நாயை நினைத்துப் பார். நீண்ட கால், ஒட்டிய வயிறு, ஆழமான மார்பு. வெட்டவெளியில் முயலைக் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கிற உடம்பு அது. நீ இருக்கும் இங்கிலாந்தில் வேலை வேறு. நரி கோழியைத் தூக்கிக்கொண்டு மண்ணுக்குள் போய்விடும். அதன் பின்னாலேயே உள்ளே இறங்கி, அதை வெளியே விரட்டவோ, மேலே இருப்பவர்கள் தோண்டி எடுக்கும்வரை மடக்கி வைக்கவோ ஒரு நாய் வேண்டியிருந்தது. டெரியரின் உடம்பில் இருப்பதெல்லாம் அந்த வேலைக்காகத் தேர்ந்து தேர்ந்து வளர்த்ததுதான். முன்னங்காலுக்குப் பின்னால் ஜாக் ரஸ்ஸலின் மார்பை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தால் விரல்கள் ஒன்றையொன்று தொட வேண்டும். இன்றும் கண்காட்சி நடுவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். அதைவிடப் பெரிய மார்பு நரி வளைக்குள் நுழையாது. உடம்போடு ஒப்பிட்டால் பல் பெரியது. தாடையில் அசுர பலம். கம்பி போன்ற வெளிமுடி, அதற்கு அடியில் மெத்தென்ற உள்முடி. குளிரும் முள்ளும் ஈரமண்ணும் தோலைத் தொடாது. வெஸ்டியின் வால் குட்டையாக, அடியில் தடித்து இருக்கும். உள்ளே மாட்டிக்கொண்டால் அதைப் பிடித்துத்தான் வெளியே இழுப்பார்கள்.

குரலும் இதோடு சேர்ந்ததுதான். மண்ணுக்கடியில் நாய் எங்கே இருக்கிறது என்று மேலே நிற்பவர்களுக்குக் குரைப்பை வைத்துத்தான் தெரியும். விடாமல் குரைக்கிற நாய்தான் அங்கே நல்ல நாய். லீட்ஸில் உன் வீடோ பக்கத்து வீட்டோடு ஒரே சுவர். யோசித்துக்கொள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இருட்டில் நரியின் முகத்துக்கு முன்னால் நிற்கும் நாய்க்கு "முன்னே போ, பின்னே வா" என்று சொல்ல எஜமான் பக்கத்தில் இல்லை. அது தானாக முடிவெடுக்க வேண்டும், பின்வாங்காமலும் இருக்க வேண்டும். ஆடு மேய்க்கும் நாய்க்கு மனிதன் முகத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்யும் பழக்கம் உண்டு. டெரியருக்கு அது குறைவு. பிடிவாதம், சொன்ன பேச்சு கேட்காது என்று பலர் குறை சொல்வது இதைத்தான். புத்தியில் அதற்கு ஒரு குறையும் இல்லை. தன் முடிவை நம்பும்படி வளர்த்த இனம், அவ்வளவுதான்.

நான் நீலகிரியில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தபோது எஸ்டேட் பங்களாக்களிலிருந்து டெரியர்களைக் கொண்டுவருவார்கள். அதில் ஒரு ஃபாக்ஸ் டெரியரை என்னால் மறக்க முடியாது. முள்ளம்பன்றி வளைக்குள் போய் மூக்கு, உதடு, நாக்கு எல்லாம் முள்ளோடு வந்தது. மயக்க ஊசி போட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். வேறு நாயாக இருந்தால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காது. இது காயம் ஆறியதும் அதே வளைக்குப் போய் மறுபடியும் முள்ளோடு வந்தது. அதே நாய் வீட்டுக் குழந்தைகளின் போர்வைக்குள் புகுந்து தூங்குமாம். இரண்டு குணமும் ஒரே நாயில் இருப்பதுதான் டெரியர். ஒன்றை மட்டும் வாங்கி வர முடியாது.

இப்போது நீ அனுப்பிய படங்களுக்கு வருகிறேன்.

யார்க்‌ஷயர் டெரியர் உன் ஊர்ப்பக்கத்து நாய்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து நெசவாலைகளில் வேலை தேடி வந்தவர்கள் தங்கள் சிறு டெரியர்களையும் கூட்டி வந்தார்கள். அங்கே இருந்தவற்றோடு அவை கலந்ததில் உருவான இனம் இது. ஆலைகளில் எலி பிடித்தது. 1865-ல் பிறந்த ஹடர்ஸ்ஃபீல்ட் பென் என்ற நாயைத்தான் இந்த இனத்தின் தகப்பன் என்கிறார்கள். 1871-ல் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனது. அதற்குள் எத்தனையோ கண்காட்சிகளில் பரிசு வாங்கிவிட்டது, எலி பிடிக்கும் போட்டிகளிலும் ஜெயித்தது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் கெனல் கிளப் இப்போது வைத்திருக்கும் உச்ச எடை 3.2 கிலோ. குட்டி கறுப்பும் பழுப்புமாகப் பிறக்கும். வளர வளர முதுகு இரும்பு நீலமாக மாறும். முடி நம் தலைமுடி மாதிரி பட்டாக வளர்ந்துகொண்டே போகும். தினமும் சீவாவிட்டால் சிக்கு விழும்.

மனசுக்குள் அது முழு டெரியர், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் உடம்பு ரொம்ப மெலிசு. முழங்கால் சில்லு நழுவும், மூச்சுக்குழாய் தளர்ந்து அமுங்கும், வாய் சின்னதாக இருப்பதால் பல் நெருக்கி வளர்ந்து ஈறு கெடும். கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி இழுக்கவே கூடாது, மார்புப் பட்டைதான். பாப்பா சோபாவில் இருந்து குதித்து அதன் மேல் விழுந்தால் எலும்பு முறியும். அவள் இன்னும் பெரியவளாகட்டும், அப்புறம் யார்க்கி வாங்கலாம்.

ஜாக் ரஸ்ஸலைப் பாப்பாவுக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிகிறது. டெவனில் இருந்த ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் 1819-ல், ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும்போது, ஒரு பால்காரரிடம் டிரம்ப் என்ற வெள்ளைப் பெட்டையை வாங்கினார். அதிலிருந்து வந்த வரிசை இது. வளையிலிருந்து மண்ணோடு வெளியே வருவது நரியா நாயா என்று வேட்டை நாய்கள் குழம்பாமல் இருக்கத்தான் வெள்ளை நிறத்தைப் பார்த்து வளர்த்தார்கள். உயரம் ஒரு அடிக்குள். ஆனால் அந்த ஒரு அடிக்குள் இருக்கும் வேகத்துக்குக் காலையில் ஒரு நல்ல நடை, மாலையில் ஒரு ஓட்டம், நடுவில் மூளைக்கு ஏதாவது வேலை வேண்டும். நீங்கள் இருவரும் காலையில் போனால் ஆறு மணிக்குத்தான் வருகிறீர்கள். தனியாக அடைபட்ட ஜாக் ரஸ்ஸல் கதவைக் கடிக்கும், தோட்டத்தைத் தோண்டும், தெருவே கேட்கக் குரைக்கும். நாயின் மேல் பழி வரும். அதன் மேல் தப்பே இருக்காது. அதனால் இது உனக்கு வேண்டாம்.

வெஸ்டி பார்க்க அழகு, தைரியமும் உண்டு. ஸ்காட்லாந்தில் போல்டலோக் என்ற இடத்தில் மால்கம் குடும்பத்தார் வளர்த்த வரிசை. தோல்தான் அதன் பெரிய கஷ்டம். ஒவ்வாமையால் பாதமும் வயிறும் சிவந்து, ஓயாமல் நக்கிக்கொண்டே இருக்கும் வெஸ்டிகள் அதிகம். சரியாகப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் ஆயுள் முழுக்க மருந்தும் செலவும். வாங்குவதாக இருந்தால் தாய், தகப்பன் இரண்டின் தோலையும் விசாரிக்காமல் வாங்காதே.

ஏர்டேல் பற்றி நீ கேட்கவில்லை. உன் ஊர் வழியாக ஓடும் அதே ஏர் ஆற்றங்கரையில் பிறந்த இனம் என்பதால் சொல்கிறேன். நீர்நாய் வேட்டைக்காக ஆட்டர்ஹவுண்ட் என்ற வேட்டை நாயையும் பழைய டெரியரையும் கலந்து உண்டாக்கினார்கள். டெரியர்களிலேயே பெரியது, இரண்டு அடி உயரம். எந்த வளைக்குள்ளும் போகாது. முதல் உலகப் போரில் குண்டு மழைக்கு நடுவே செய்தி கொண்டு போனது. எனக்கு அந்த நாயின் மேல் பெரிய மரியாதை. உன் வீட்டு நடைபாதையில் திரும்பக்கூட இடம் போதாது.

பூங்காவில் நீ பார்க்கும் ஸ்டாஃபியை, அதாவது ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியரை, அதன் முகத்தைப் பார்த்துப் பயந்து ஒதுக்காதே. காளையோடு நாயை மோதவிடும் விளையாட்டை 1835-ல் சட்டம் போட்டுத் தடுக்கும்வரை அதன் முன்னோர்களை அதற்குத்தான் பயன்படுத்தினார்கள். வலியில் துடிக்கும் நாயையும் மனிதன் கைபோட்டுப் பிரிக்க வேண்டியிருந்ததால், மனிதனைக் கடிக்கிற நாயை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் மனிதர்களிடம், அதிலும் குழந்தைகளிடம், அவ்வளவு ஒட்டுதல். மற்ற நாய்களிடம் அப்படிச் சொல்ல முடியாது. ஆபத்தான நாய்கள் பற்றிய 1991 சட்டத்தில் தடை செய்யப்பட்டது பிட் புல், ஸ்டாஃபி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் பெயர் தெரியாத கலப்பு நாயை ஸ்டாஃபி என்று சொல்லி விற்றால் வாங்காதே. தடை செய்த நாயா என்பதை உருவத்தை வைத்துத்தான் அங்கே முடிவு செய்கிறார்கள், அப்புறம் நீதான் அலைய வேண்டும்.

என் மனசில் இருப்பது பார்டர் டெரியர். நார்தம்பர்லேண்டுக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே இருக்கும் செவியட் மலைக்காரர்களின் நாய். கெனல் கிளப் 1920-ல்தான் ஏற்றுக்கொண்டது, அதனால் அழகுக்காக ரொம்ப மாற்றாமல் பழைய உடம்போடேயே இருக்கிறது. நீர்நாயின் தலை மாதிரி அகலமான தலை, குட்டையான முகம். தோல் தடிமனாக, கையில் பிடித்தால் தளர்ந்து வரும். குறுகிய இடத்தில் திரும்ப அது உதவும். எடை ஐந்திலிருந்து ஏழு கிலோவுக்குள். குதிரைக்குப் பின்னால் ஓட வேண்டியிருந்ததால் கால் சற்று நீளம், பாப்பா சைக்கிள் ஓட்டினால் கூடவே வரும். வேட்டை நாய்க் கூட்டத்தோடு சேர்ந்து வாழ்ந்த இனம், அதனால் மற்ற டெரியர்களைவிட நாய்களோடு ஒத்துப்போகும். வருடத்துக்கு இரண்டு தடவை செத்த முடியைக் கையால் உருவிவிட வேண்டும், வலிக்காது. மெஷினால் வெட்டினால் நாளடைவில் முடி மென்மையாகி, நிறமும் மங்கி, தண்ணீரைத் தாங்காது.

அதற்காக அது சாது என்று நினைத்துவிடாதே. பாப்பாவின் ஹாம்ஸ்டரை அது ஒருநாளும் தங்கச்சியாகப் பார்க்காது. எவ்வளவு பழக்கினாலும் இரண்டையும் ஒரே அறையில் விடாதே. அணிலைப் பார்த்தால் உன் குரல் அதற்குக் கேட்காது, ரோட்டில் பாய்ந்து அடிபடும் டெரியர்கள் நிறைய. வேலி இல்லாத இடத்தில் நீளக் கயிறு இல்லாமல் விடாதே. மலைப்பக்கம் நடக்கப் போனால் செம்மறி ஆடுகள் இருக்கும். துரத்தும் நாயைச் சில நிலைமைகளில் விவசாயி சுடுவதற்குச் சட்டமே இடம் தருகிறது. தோட்ட வேலிக்கு அடியில் கம்பி வலையைப் புதைத்துவிடு. தோண்டுவதை நிறுத்த முடியாது, ஒரு மூலையில் மணல் கொட்டி "இங்கே தோண்டு" என்று இடம் கொடுத்துவிடு.

சாப்பாட்டில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்று ஆபத்து. தட்டில் மிஞ்சியதைப் போடுவது. சாம்பாரில் வெங்காயம், பாயசத்தில் திராட்சை. வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும், திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பார்டர்களில் சிலவற்றுக்குக் கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாமல் உடம்பு முறுக்கி இழுக்கும், வலிப்பு மாதிரியே தெரியும். அதனால் சப்பாத்தித் துண்டும் வேண்டாம் என்று மருமகளிடம் சொல்.

இணையத்தில் விளம்பரம் பார்த்து, கார் பார்க்கிங்கில் வந்து குட்டியைக் கொடுக்கிறேன் என்பவனிடம் வாங்காதே. இங்கிலாந்தில் 2020-லிருந்து ஆறு மாதத்துக்குக் கீழான குட்டியை இடைத்தரகர் விற்கக் கூடாது. வளர்த்தவரிடம் நேரில் போய், தாயோடு குட்டியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தாய் உன்னைப் பார்த்து ஒளிந்தாலோ பல்லைக் காட்டினாலோ திரும்பி வந்துவிடு. மைக்ரோசிப், தடுப்பூசி, கண் பரிசோதனைச் சீட்டு மூன்றையும் கேள். டெரியர்களில் பல இனங்களுக்குக் கண்ணின் லென்ஸ் நழுவும் பரம்பரை நோய் உண்டு, அதற்கு மரபணுச் சோதனை இருக்கிறது. காப்பகத்தில் மூன்று நான்கு வயதுப் பார்டர் கிடைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். குணம் முடிவாகியிருக்கும்.

ஆனால் முதலில் நீங்கள் இருவரும் உட்கார்ந்து, பகலில் யார் வீட்டில் இருப்பது என்று முடிவு செய்யுங்கள். வாரத்தில் பாதி நாளாவது ஒருவர் வீட்டிலிருந்து வேலை செய்ய முடிந்தால் தேடத் தொடங்கலாம், இல்லையென்றால் ஒரு வருடம் தள்ளிப்போடு. பார்க்கப் போகும் நாள் முடிவானதும் சொல். வீடியோவில் தாயையும் குட்டியையும் தரையில் நடக்கவிட்டுக் காட்டு. நடையைப் பார்த்தால் காலில் குறை இருக்கிறதா என்று எனக்கு ஓரளவு தெரியும்.

அன்புடன்,
அம்மா